ஆயிரம் எம்.பி. காலை வணக்கம்

காங்கயத்தில் ரைஸ்மில் வைத்திருக்கும் ரத்தினசபாபதிக்கு இன்டர்நெட்டில் இருந்த ஒரே வேலை, விடிந்ததும் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்வதுதான். அந்த ஒரு பூவுக்காக ஊரிலேயே வேகமான ஆயிரம் எம்.பி. லைன் இழுத்திருந்தார் மனுசன். அப்படியும் ஒருத்தர்கூடப் பதில் போடவில்லை. லைனில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, கேபிள்காரன் வெள்ளிங்கிரியை வீட்டுக்குக் கூப்பிட்டு எகிறினார்.

"நான் அனுப்பின நிமிசமே பதில் வரோணும். இல்லீன்னா உன்ற மொதலாளிகிட்டச் சொல்லி உன்னை வேலைய விட்டே தூக்கிப்போடுவேன்!"

"இதைவிட வேகமான லைன் ஊர்லயே இல்லீங்களே," என்றான் வெள்ளிங்கிரி.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வர வை!"

வெள்ளிங்கிரி அந்தப் பெரிய லைனை அணைத்தான். தன் பழைய போனிலிருந்த சோப்ளாங்கி நெட்டை அவர் போனுக்குக் கொடுத்தான். "ஒரே ஒரு மெசேஜ் நான் போட்டுப் பாக்கட்டுங்களா?" என்று போனைக் கேட்டு வாங்கி, குரூப்பில் தட்டினான்: 'நாளையிலிருந்து நான் காலை வணக்கம் அனுப்ப மாட்டேன்.'

போன் நிற்காமல் கத்தியது. கும்பிடு, கைதட்டல், நன்றி மாமா, நன்றி சித்தப்பா. துபாயில் இருக்கும் மச்சான்கூடப் பட்டாசுப் படம் போட்டிருந்தான்.

"பாத்தீங்களா, என்ற ஓட்டை நெட்டுக்கே எப்படிக் கொட்டுதுன்னு!"

முதல் பதில் யாருடையது என்று ரத்தினசபாபதி தேடிப் பார்த்தார். சமையல்கட்டிலிருந்து அவர் சம்சாரம் போட்டிருந்தாள்: 'நெசமாத்தானுங்களா? சத்தியம் பண்ணுங்க.'