மறக்காமல் விட்டுவந்த தாலி

ஊருக்கு நாலு புத்திசாலியாவது வேண்டும் என்று கணக்குப் போட்ட கடவுள், கோணங்குளத்துக்கு மட்டும் அந்த நாலு பேரை அனுப்ப மறந்துவிட்டார். பதிலாக எட்டியப்பன், சடையாண்டி, மாசானம் என்ற மூன்று அண்ணன் தம்பிகளை அனுப்பினார்.

கடைக்குட்டி மாசானத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணின் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். கடிதம் எழுதினார்: ‘முகூர்த்தம் பத்தரைக்கு. தாலி, டோன்ட் ஃபர்கெட்!’

‘ஃபர்கெட்’டுக்கு அர்த்தம் கேட்க மூவரும் டியூஷன் வாத்தியாரிடம் ஓடினார்கள்.

“மனசுல இருக்கது மனசை விட்டுப் போயிருச்சுன்னா அதான் ஃபர்கெட். அப்படிப் போக விடாதீயன்னு எழுதியிருக்காரு” என்றார் வாத்தியார்.

வீட்டில் ஆலோசனை நடந்தது.

“மனசுல இருந்தாத்தானே போவும்?” என்றான் சடையாண்டி.

“ஆமா.”

“மனசுல வைக்கவே இல்லேன்னா?”

எட்டியப்பன் வெகுநேரம் யோசித்தான். “போவ வழியே இல்லலே!” என்று தம்பியைக் கட்டிக்கொண்டான்.

தாலியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அதை நினைப்பவன் தலையில் குட்டு என்று முடிவானது. கல்யாணத்தன்று வேன் பாதி வழி போனபோது மாசானம், “அண்ணே, அந்தப் பெட்டி...” என்று ஆரம்பித்தான். இரண்டு குட்டு விழுந்தது.

பத்தரைக்கு ஐயர் தாலி கேட்டார். மாமனார் முகம் வெளிறிவிட்டது. “ஐயோ, மறந்துட்டியளா?”

எட்டியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதீய மாமா. மறக்கணும்னா முதல்ல நினைச்சிருக்கணும். நாங்க நினைக்கவே இல்ல!”

மணப்பெண் செண்பகவடிவு தலையில் அடித்துக்கொண்டாள். நல்லவேளை, அவள் அம்மா மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக் கொடுத்தாள். முகூர்த்தம் தப்பவில்லை.

சாயங்காலம் வேன் புறப்படும் நேரம். மாமனார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். “ஒத்தப் பிள்ளை. என் மகளை மட்டும் மறந்துராதீய மாப்ளே.”

மாசானத்துக்கும் அழுகை வந்துவிட்டது. “சத்தியமாச் சொல்லுதேன் மாமா. இந்த நிமிசத்துல இருந்து அவளை நினைக்கவே மாட்டேன்!”

வேன் கிளம்பிப் போய்விட்டது. செண்பகவடிவு சூட்கேஸோடு பந்தல் வாசலில் நின்றாள்.

அரைமணி நேரத்தில் வேன் திரும்பி வந்தது. மாமனாருக்கு உயிர் வந்தது. மாசானம் இறங்கி ஓடிவந்தான். செண்பகவடிவைத் தாண்டி ஓடி, பந்தல் ஓரம் கிடந்த தன் புதுச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டான்.

“நல்லவேளை மாமா, இதை மறந்துராதீயன்னு யாரும் சொல்லல. அதான் ஞாபகம் வந்துச்சு” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினான்.