பெயரை மாற்றி வாசித்த அறிக்கை

போலீஸ் உத்தியோகத்தில் தலை நரைத்து ஓய்வு பெற்ற பிறகுதான் சௌந்தரபாண்டியன் சீடரானார். குரு அவருடைய மகளைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவ்வளவுதான்.

குருவின் பெயர் ஹமீதா. பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரியின் மாடியில் அவருக்கு ஓர் அறை இருந்தது. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களில் யாராவது பதிவை அழித்தாலோ திருத்தினாலோ, அதைத் துருவிக் கண்டுபிடித்து அறிக்கை எழுதித் தருவது அவர் தொழில். கம்ப்யூட்டரை அணைக்க மட்டுமே தெரிந்த ஒரு பழைய சப்-இன்ஸ்பெக்டரை அவர் எதற்காகச் சேர்த்துக்கொண்டார் என்பது சௌந்தரபாண்டியனுக்கே இன்றுவரை விளங்கவில்லை.

அந்த நாட்களை நினைத்தால் அவருக்கு இப்போதும் மனசு இளகிவிடும். பிற்பகலில் கீழே பன் வேகிற வாசனை படியேறி வரும். ஹமீதா அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவையே திறப்பார். வேலையைத் தவிர வேறு பேச்சு கிடையாது. உத்தியோகத்தில் காணாத நிம்மதியை அந்த அறையில்தான் கண்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்கு அலுத்துவிட்டது. ஹமீதா பெங்களூருக்குப் போய்விட்டார். அந்த மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது.

ஹமீதா உட்கார வைத்துப் பாடம் நடத்தியதாக அவருக்கு நினைவில்லை. கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும்.

அப்படித்தான் அந்த இன்சுலின் விவகாரமும் வந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளி ஒருவர் இறந்துபோனார். அவர் இறந்த பிறகு, அவருக்குப் போட்ட இன்சுலின் அளவைக் கம்ப்யூட்டரில் யாரோ குறைத்துத் திருத்தியிருந்தார்கள். திருத்தம் நடந்தது கிரேஸ் ஜெபமணி என்ற நர்சின் லாகினில். அறிக்கை கைக்கு வந்ததும் அந்தப் பெண்ணை வேலையைவிட்டு நீக்கி, போலீசில் ஒப்படைப்பதென்று நிர்வாகம் தயாராக இருந்தது.

சௌந்தரபாண்டியன் முதன்முதலாகத் தனியாக எழுதிய அறிக்கை அது. நர்சின் பெயரை முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார். போலீஸ் பழக்கம், லேசில் போகுமா.

"வாசியுங்க அண்ணாச்சி," என்றார் ஹமீதா.

எழுதியவரே எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். அது அங்கே வழக்கம். சௌந்தரபாண்டியன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நோயாளி இறந்த பிறகு, செவிலியர் கிரேஸ் ஜெபமணி இன்சுலின் பதிவைத் திருத்தினார்..."

"நிப்பாட்டுங்க. அந்தப் பிள்ளை பேரை எடுத்துட்டு, உங்க பேரைப் போட்டு வாசியுங்க."

"என் பேரையா மேடம்?"

"ஆமா."

இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் வாசித்தார்.

"நோயாளி இறந்த பிறகு, சௌந்தரபாண்டியன் இன்சுலின் பதிவைத் திருத்தினார். தவறை மறைக்கும் நோக்கத்துடன் சௌந்தரபாண்டியன்..."

குரல் தானாக இறங்கியது.

"ம், வாசியுங்க."

"மறைக்கிற நோக்கம்னு எப்படித் தெரியும் மேடம்?"

"நீங்கதானே எழுதியிருக்கீங்க."

சௌந்தரபாண்டியன் அந்த வரியைப் பேனாவால் அடித்தார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நின்றார்.

"லாகின் என்னுதுதான். அதுக்காக நான்தான் உக்காந்து மாத்தினேன்னு ஆயிருமா? யாரு பாத்தா?"

"யாரு பாத்தா?" ஹமீதா திருப்பிக் கேட்டார்.

"ஒருத்தரும் பாக்கல. கேமராவும் வாசலைப் பாத்துத்தான் இருக்கு."

"சரி. உங்க பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

அவர் காகிதத்தை மேஜையில் வைத்தார்.

"மானிட்டருக்கு அடியில ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்துச்சு மேடம். லாகினும் பாஸ்வேர்டும் அதுலதான் எழுதியிருந்துச்சு."

ஊசி குத்திய இடத்தில் ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்திரி. ஒப்பந்த நர்சுகளுக்கு அந்த ஆஸ்பத்திரி தனி லாகின் கொடுப்பதில்லை. இன்றைக்கு வந்து நாளைக்குப் போகிறவர்களுக்கு எதற்கு என்ற நினைப்பு. வேலையோ நிற்காது. அதனால் நிரந்தர நர்ஸ் ஒருத்தியின் லாகினைத் திறந்து வைத்து, வார்டு முழுக்க அதிலேயே எழுதும். இதெல்லாம் சௌந்தரபாண்டியன் நேரில் பார்த்ததுதான். போட்டோகூட எடுத்திருந்தார்.

"ஏன் எழுதல?"

"எல்லா வார்டுலயும் அப்படித்தானே இருக்கு. இதுல புதுசா என்ன இருக்குன்னு விட்டுட்டேன்."

ஹமீதா சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவப் போனார். எத்தனையோ அதிகாரிகளிடம் வசவு வாங்கியவர் சௌந்தரபாண்டியன். ஆனால் 'ஏன் எழுதல?' என்ற அந்த ஒரு கேள்விபோல் எதுவும் அவரைச் சுட்டதில்லை. யாரென்றே தெரியாத ஒரு பெண்ணை அவசரத்தில் ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது.

ஹமீதா திரும்பி வந்ததும் சௌந்தரபாண்டியன் கேட்டார். "அப்ப மாத்தினது யாரு மேடம்?"

"தெரியாது."

"ஆஸ்பத்திரியில கேப்பாங்கள்லா?"

"தெரியாதுன்னு எழுதுங்க."

"இவ்வளவு பாடுபட்டுட்டு, தெரியாதுன்னா எழுதச் சொல்லுதீங்க?"

"தெரிஞ்சது எல்லாத்தையும் எழுதுங்க. பிளாஸ்திரியையும் சேத்து. அப்புறம் தெரியாததையும் எழுதுங்க."

அவர் உட்கார்ந்து மாற்றி எழுதினார். 'கிரேஸ் ஜெபமணியின் லாகினில் பதிவு திருத்தப்பட்டுள்ளது. அந்த லாகினை வார்டில் பணியிலிருந்த அனைவரும் பயன்படுத்தி வந்தனர். திருத்தியவர் யார் என்பதை இந்தச் சோதனையைக் கொண்டு சொல்ல இயலாது.' முதல் இரண்டு வரிகளும் மளமளவென்று வந்தன. மூன்றாவதற்குக் கை ஓடவே இல்லை.

அறிக்கை போன மறுநாள் ஆஸ்பத்திரி நிர்வாகி போனில் கத்தினார். அந்தச் சத்தம் சௌந்தரபாண்டியனின் நாற்காலி வரைக்கும் கேட்டது. ஹமீதா முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் சார்," என்று போனை வைத்தார். அந்த ஆஸ்பத்திரி அதற்குப் பிறகு அவர்களைக் கூப்பிடவே இல்லை. அங்கே எல்லோரையும் விசாரிக்க வேண்டியதாகிவிட்டது. யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. கிரேஸ் ஜெபமணி வேலையில் நீடித்தாள்.

சில நாள் கழித்து, பஸ் நிறுத்தத்தில் சௌந்தரபாண்டியன் அவளைப் பார்த்தார். கோப்பில் இருந்த புகைப்படத்தை வைத்து அடையாளம் தெரிந்தது. அவளுக்கு இவரைத் தெரியாது. மற்ற நர்சுகளோடு முறுக்கைப் பங்குபோட்டுத் தின்றபடி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போன பிறகு, அவருக்குள் இருந்த போலீஸ்காரர் விழித்துக்கொண்டார்.

விடுவிடுவென்று மாடியேறினார். ஹமீதா அடுத்த வேலையில் இருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"செத்துப்போனவருக்கும் ஒரு குடும்பம் இருக்குல்லா. நெசமாவே அந்தப் பிள்ளைதான் மாத்தியிருந்தா?"

ஹமீதா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"அப்பவும், நாம எழுதினதுல ஒரு வரியைக்கூட மாத்த வேண்டியிருக்காது அண்ணாச்சி."