கொக்கு சொன்ன குதிரை

கடலோரமாக ஒரு காடு. காட்டின் நடுவில் ஒரு குளம். குளத்தங்கரையில் நாலு குதிரைகள் மேய்ந்தன. காட்டுக்குள் குதிரை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். வந்தது, அவ்வளவுதான்.

கரியன் பலசாலி. செவலை வேகக்காரன். மயிலை மூச்சு வாங்காமல் ஓடுவான். நாலாவது மூளி. பெண் குதிரை, ஒரு காது பிய்ந்தது. பக்கத்தில் யார் போனாலும் உதைப்பாள்.

அமாவாசைக்கு அமாவாசை காலையில் பந்தயம். குளத்தை ஒரு சுற்று சுற்ற வேண்டும். ஓட்டம் தொடங்குமுன் காட்டு மிருகங்கள் எல்லாம் ஏதாவது ஒரு குதிரையின் பின்னால் போய் நிற்கும். ஜெயித்த குதிரையின் கட்சிக்கு மாதம் முழுவதும் முதல் தண்ணீர். தோற்ற கட்சிகளுக்குக் கலங்கின தண்ணீர். மூளியின் பின்னால் மட்டும் யாரும் நிற்பதில்லை. நின்றால் உதை விழும். அவள் ஜெயிப்பதும் இல்லை. பாதி ஓட்டத்தில் யாரையாவது உதைக்க நின்றுவிடுவாள்.

எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஓர் உண்ணிக்கொக்கு இருந்தது. குதிரை முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்குவது அதன் பிழைப்பு. எவனுக்கு மூச்சு இரைக்கிறது, எவனுக்குக் கால் பிடித்திருக்கிறது, எல்லாம் அதற்குத் தெரியும். பந்தயத்துக்கு முதல் நாள் பாலை மரத்துக் கிளையில் நின்று தன் கருத்தைச் சொல்லும்.

ஒரு தடவை, "செவலை" என்றது. செவலை தோற்றான்.

அடுத்த தடவை, "கரியன்" என்றது. கரியன் கடைசிக்கு முந்தி வந்தான்.

பிடித்தார்கள் கொக்கை.

"உண்ணி பொறுக்கிக்கு ஓட்டத்தைப் பத்தி என்னய்யா தெரியும்?" என்றது காட்டுப்பன்றி.

"ஒத்தைக்கால்ல நிக்கிறவன் நாலு கால் ஓட்டத்தைச் சொல்ல வந்துட்டான்" என்றது குரங்கு.

"கலங்கின தண்ணி குடிச்சு என் பிள்ளைகளுக்கெல்லாம் வயித்துப்போக்கு" என்று அழுதது முயல்.

நரி எல்லாரையும் கையமர்த்தியது. "மயிலைதான் ஜெயிப்பான்னு நான் அப்பவே நினைச்சேன்" என்றது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே, நரியாரே?" என்றது கொக்கு.

"யாராவது கேட்டீங்களா?"

"இப்போ கேக்கிறேன். அடுத்த பந்தயம் யாருக்கு?"

"பந்தயம் முடியட்டும், சொல்றேன்" என்றது நரி.

எல்லோரும் தலையாட்டினார்கள். நியாயமான பேச்சாகத்தான் பட்டது அவர்களுக்கு.

கடைசியில் தீர்ப்பும் ஆயிற்று. அடுத்த தடவையும் கொக்கு சொன்னது பொய்த்தால், அது பாலை மரத்தைக் காலி செய்ய வேண்டும். குதிரை முதுகிலும் உட்காரக் கூடாது.

பாலை மரத்தில்தான் கொக்கின் கூடு இருந்தது. கூட்டில் மூன்று முட்டை. பெட்டைக் கொக்கு அடைகாத்துக்கொண்டிருந்தது.

"நாம பறந்துருவோம். முட்டை பறக்குமா?" என்றது அது.

கொக்கு நேராகக் கரியனின் முதுகில் போய் உட்கார்ந்தது. முதுகு வழக்கத்தைவிட அகலமாக இருந்தது. விலா எலும்பைக் காணோம்.

"என்னடா இது, மத்தளம் மாதிரி இருக்கே?"

கரியன் ஒரு ஏப்பம் விட்டான். கொக்கு கீழே விழப் பார்த்தது.

"நீதானே என் பேரைச் சொன்ன? உடனே வந்துட்டாங்க. முயல் கூட்டம் அறுகம்புல் கொண்டுவந்துச்சு. குரங்கு நாவப்பழம். பன்றி ஒரு கூடை கோரைக்கிழங்கு. நம்ம குதிரை, நம்ம குதிரைன்னு ஊட்டிவிட்டாங்க. வேண்டாம்னா மனசு நோகுமே."

"செவலைக்கும் இப்படித்தானா?"

"அவன் ஓடும்போதே ரெண்டு தடவை வாந்தி எடுத்தானே, நீ பார்க்கலையா?"

அடுத்த பந்தயத்துக்கு முதல் நாள் கொக்கு கிளையில் நின்றது. எல்லாரையும் கூப்பிட்டது. "நான் சொல்ற குதிரையைத் தின்ன வச்சே தோக்கடிக்கிறீங்க. இந்தத் தடவை சும்மா இருங்க" என்றது.

"அன்பா ஊட்டினது தப்பா?" என்றது பன்றி.

"தோத்தவன் சொல்ற சாக்கு. கருத்தைச் சொல்லு" என்றது நரி.

கொக்குக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி. இதுதான் கருத்து. எந்தக் குதிரைக்கு நீங்க தீனி போடலையோ, அது ஜெயிக்கும். போங்க."

சிரித்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். போனபிறகு யோசித்தார்கள்.

இந்தத் தடவை முயல் கரியன் கட்சி. 'ஒருவேளை கொக்கு சொல்றது நிஜமா இருந்தா? நம்ம கரியனுக்கு ஒண்ணும் கொடுக்க வேண்டாம். செவலைக்குக் கொடுப்போம்' என்று நினைத்தது. குரங்கு செவலை கட்சி. அது நாவல்பழத்தோடு மயிலையிடம் போனது. நரி மயிலை கட்சி. பதுங்கிப் பதுங்கிக் கரியனுக்குப் புல் சுமந்தது. வழியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சும்மா, காத்து வாங்க வந்தேன்" என்றது நரி, வாய் நிறையப் புல்லோடு.

பன்றி இன்னும் கெட்டிக்காரன். எதற்கும் இருக்கட்டும் என்று மூளிக்கும் கிழங்கு கொண்டுபோனது. மூளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே உதை. பன்றி குளத்தில் விழுந்தது. கிழங்கு அதன் தலையில் விழுந்தது.

காலை விடிந்தது. எல்லாரும் அவரவர் குதிரையின் பின்னால் நின்றார்கள். கொக்கு மூளியின் பின்னால் நின்றது, கால் எட்டாத தூரத்தில்.

மயில் அகவியது. பந்தயம் தொடங்கியது.

கரியன் ஓர் அடி வைத்தான், உட்கார்ந்தான். செவலை விக்கினான். விக்கலுக்கு ஒரு துள்ளல், துள்ளலுக்கு ஒரு விக்கல் என்று நின்ற இடத்திலேயே ஓடினான். மயிலை கொஞ்ச தூரம் போனான். அப்புறம் மல்லாந்து படுத்து நாலு காலையும் ஆகாயத்தில் ஓட்டினான்.

"எழுந்திருடா!" என்று கத்தியது நரி.

"நீங்க ஓடுங்க, நான் வந்துர்றேன்" என்றான் மயிலை.

மூளி ஓடினாள். பாதி வழியில் வழக்கம்போல உதைக்க நின்றாள். வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. இது என்ன பந்தயம் என்று எரிச்சலோடு மீதியையும் ஓடி முடித்தாள்.



நரிதான் முதலில் தேறியது. "மூளின்னு நான் அப்பவே நினைச்சேன்" என்றது. பிறகு கொக்கைப் பார்த்தது. "ஆனா நீ பேரைச் சொல்லலையே. பேர் சொல்லாத கருத்து செல்லாது. மரத்தைக் காலி பண்ணு."

"ஆமா, செல்லாது" என்றது குரங்கு.

மூளி மெல்ல நடந்து நரியின் பின்னால் வந்து நின்றாள்.

"யாரு என் கட்சி?" என்று கேட்டாள்.

"நான் மட்டும்தான்" என்றது கொக்கு.

"அப்போ நீ முதல்ல போய்த் தண்ணி குடி. தெளிவா இருக்கு."

கொக்கு குடித்தது. அவசரமில்லாமல், ஒற்றைக்காலில் நின்று குடித்தது. பெட்டைக் கொக்குக்கும் வாயில் எடுத்துக்கொண்டு கூட்டுக்குப் போனது.

"குடிச்சாச்சா?" என்றாள் மூளி.

"ஆச்சு."

அதற்குப் பிறகுதான் உதைத்தாள். மரத்தைக் காலி செய்யும் பேச்சோடு நரி குளத்தின் நடுவில் போய் விழுந்தது. மாதம் முழுவதும் மற்றவர்கள் குடிக்க வேண்டிய தண்ணீரை அதுவே நன்றாகக் கலக்கிக் கொடுத்தது.

ஒருவன் சொன்னது பொய்த்துவிட்டால், அவனை ஏசுவதற்கு முன்னால், அதைப் பொய்க்க வைத்தது நம் கைதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.