கோட்டுக்குள் உட்கார்ந்த ஊர்

கூழாங்குடிக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்தால், "நல்ல சனங்கதான்..." என்று இழுப்பார்கள். மீதியெல்லாம் அந்த இழுப்பில்தான் இருக்கிறது.

மாடக்கண்ணு அந்த ஊர் மைதானக் கமிட்டித் தலைவர். அவர் மகள் தவமணி பேஸ்பால் ஆடுகிறவள். மட்டையால் பந்தை அடித்துவிட்டு, நாலு மூலையையும் சுற்றி ஓடி, புறப்பட்ட பலகைக்கே திரும்பி வரவேண்டும். அதுதான் ஆட்டம். புறப்பட்ட இடத்துக்கே வருவதற்கு எதற்காக ஓடணும் என்று ஊரே கேட்டது. மாடக்கண்ணு மட்டும் கேட்கவில்லை. மகள் மேல் அவருக்கு உயிர்.

ஒருநாள் விளையாட்டு அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. விதிப்படி மைதானம் போட்டு, ஒரு விதியைக்கூட மீறாமல் ஓர் ஆட்டம் நடத்திக் காட்டினால், ஊர்ப் பொட்டல் பெண்கள் அணிக்கே சொந்தம். தவறினால் பக்கத்து ஊர் மாட்டுச் சந்தைக்குப் போய்விடும்.

தவமணி அளவு நாடாவோடு போய், பக்கத்துக்குத் தொண்ணூறு அடியாக ஒரு சதுரம் போட்டாள். வைரம் மாதிரி ஒரு முனையை ஊன்றி நிற்கிற சதுரம். நடுவில், பந்து எறிகிறவள் நிற்க ஒரு சின்ன மேடு. "பலகையிலருந்து ரெண்டு பக்கமும் போற ஓரக்கோட்டை மட்டும் நீங்க நீட்டி விட்ருங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போனாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

"எது வரைக்கும் நீட்டணும்?" என்றான் சுண்ணாம்புச் சட்டியைப் பிடித்திருந்த ஒச்சு.

மாடக்கண்ணு கடிதத்தைப் படித்தார். "இக்கோடுகள் முடிவற்றவை எனக் கொள்க."

"அப்ப சுண்ணாம்பு பத்தாது" என்று ஒச்சு இன்னும் நாலு மூட்டை கொண்டுவந்தான்.

ஒரு கோடு பேச்சியம்மாளின் அடுப்படிக்குள் நுழைந்து, அம்மிமேல் ஏறி இறங்கி, கொல்லைப்புறமாக வெளியேறியது. இன்னொன்றுக்குக் குறுக்கே எருமை ஒன்று படுத்திருந்தது. அதன் முதுகிலும் நேராகக் கோடு போட்டார்கள். எருமை எழுந்து போய்விட்டது. கோட்டில் ஓர் எருமை அகலத்துக்கு இடைவெளி விழுந்தது. அதைப் பிடித்துவந்து, அதே இடத்தில் முளை அடித்துக் கட்டிய பிறகுதான் மாடக்கண்ணுக்கு மூச்சு வந்தது.

ஊர்க்கோடியில் கண்மாய் மறித்தது. தண்ணீரில் இரண்டு சட்டி சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி, இனி அதுவாகப் போய்க்கொள்ளும் என்று திரும்பினார்கள்.

அப்புறம்தான் அடுத்த விதியைப் படித்தார்கள். இரு கோடுகளுக்கும் இடையில் ஆட்டக்காரர்களைத் தவிர யாரும் நிற்கக் கூடாது.

"பாதி ஊரு கோட்டுக்குள்ள கெடக்கேண்ணே!" என்றான் ஒச்சு. "எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிருவமா?"

"பிள்ளையாரும் உள்ளதான் இருக்காரு. அவர எங்கிட்டுத் தூக்கிட்டுப் போறது?" என்றாள் பேச்சியம்மாள்.

மாடக்கண்ணு அந்த விதியை எழுத்துக்கூட்டி இன்னொரு தடவை படித்தார். "பிள்ளையாரு என்னைக்குத்தான் நின்னாரு? உக்காந்துல்ல இருக்காரு!"

கூட்டம் அசந்துபோனது. இப்படி ஒரு மூளையா என்று எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

ஆட்டத்தன்று பாதி ஊர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தது. குத்தவைத்தபடியே கூட்டினார்கள், நகர்ந்து நகர்ந்தே தண்ணீர் சுமந்தார்கள். அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினார். "சார், உக்காருங்க! கோட்டுக்குள்ள நிக்கிறீங்க!" என்று எழுந்த கூச்சலில் பயந்து அவரும் குத்தவைத்து, மைதானம்வரை தவளை மாதிரி வந்து சேர்ந்தார்.

ஆட்டம் சமமாகப் போய்க் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. தவமணி ஓங்கி ஒரு அடி அடித்தாள். பந்து பறந்து, தெருவில் விழுந்து, உருண்டு, குத்தவைத்திருந்த மாடக்கண்ணுக்கு அடியில் போய் நின்றது. எதிரணிப் பெண் ஓடிவந்தாள்.

"பெரியப்பா, பந்தை எடுத்துக் குடுங்க!"

"ஆட்டக்காரங்க தவிர யாரும் பந்தைக் கையால தொடக் கூடாதாம்மா."

"அப்ப எந்திரிங்க, நானே எடுத்துக்கிறேன்!"

"எந்திரிச்சா நிக்கிற மாதிரி ஆயிருமே!"

அவருக்குக் கண்கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு உதவ அவருக்கு நிஜமாகவே ஆசை. ஆனால் ஒரு விதி பிசகினாலும் தவமணியின் மைதானத்தில் மாடுகள் நிற்கும். இப்படி அவர் விளக்கி முடிப்பதற்குள் தவமணி ஒரு சுற்று ஓடிப் பலகையைத் தொட்டுவிட்டாள்.

எதிரணி முறையிட்டது. அதிகாரி விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். மாடக்கண்ணு மீறிய விதி ஒன்றுகூட அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

"நீங்க ஜெயிச்சிட்டீங்க. இனி என்னைக்கும் இது உங்க மைதானம்தான்."

தவமணி ஓடிவந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாடக்கண்ணு சந்தோஷத்தில் எழுந்திருக்கப் போனவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"என்னைக்குமா சார்?"

"என்னைக்கும்தான்."

அவர் மகளைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். மெல்ல மறுபடி உட்கார்ந்தார்.

"பரவால்ல சார். பழகிக்கிறோம்."

அன்று சாயங்காலமே ஒச்சு தச்சரைக் கூட்டிவந்து, கோட்டுக்குள் இருந்த எல்லா வீட்டு வாசல் நிலையையும் பாதியாக அறுக்கச் சொன்னான். உட்கார்ந்து போகிற சனத்துக்கு அவ்வளவு உயரம் எதற்கு?