தோகையா, பாறையா?

ஒரு காட்டுல, ஆத்தங்கரைக்குக் கொஞ்சம் மேல, ஒரு தகரக் கொட்டகை. உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர். மலையில இருக்குற அணையோட மதகைத் திறந்தா, அந்தக் கம்ப்யூட்டர்ல சிவப்பா ஒரு பட்டை வரும். உடனே அணில் ஓடிப்போய், வாசல்ல தொங்குற தண்டவாளத் துண்டைக் கல்லால தட்டும். சத்தம் கேட்டதும் கரையில குடியிருக்குற காட்டுப்பன்னி, குட்டிங்களைக் கூட்டிக்கிட்டு கொட்டகையையும் தாண்டி மேட்டுக்கு ஏறிடும்.

இது வருஷா வருஷம் தப்பாம நடந்துக்கிட்டிருந்துச்சு.

அணிலுக்கு ஒரே ஒரு குணம். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிடும்.

ஒருநாள் அது சும்மா இருக்காம சொல்லுச்சு: "இந்தப் பெட்டி கொஞ்சம் மந்தம். அம்புக்குறி நகர்ந்து வர்றதுக்குள்ள ஒரு நாவப்பழத்தைத் தின்னு கொட்டையைத் துப்பிடலாம்."

அது மயில் காதுல விழுந்துச்சு.

"மந்தம் பெட்டியில இல்ல தம்பி. அதை உள்ள இருந்து ஓட்டுதே ஆபரேட்டிங் சிஸ்டம், அதுல இருக்கு. தோகைன்னு ஒண்ணு வந்திருக்கு, போட்டுப் பாரு. எல்லாமே படம். தொட்டா விரியும். பொறந்த மறுநாளே முயல்குட்டிகூட ஓட்டும்."

அணில் தலையாட்டுச்சு.

ஆமை கழுத்தை நீட்டுச்சு. "தோகையா? அவசரத்துக்குத் திறந்தா, 'என்னைப் புதுப்பிச்சுக்கிட்டிருக்கேன், அணைக்காதீங்க'ன்னு சுத்திக்கிட்டே நிக்கும். பாறைன்னு இன்னொண்ணு இருக்கு, அதைப் போடுடா. இதுவரைக்கும் ஒருதடவைகூட விழுந்ததில்ல."

"விழறதுக்கு அது முதல்ல எந்திரிக்கணுமே!" மயில் சிரிச்சுச்சு. "கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து. ஒரு படத்தைத் திறக்க ஒரு பக்கம் முழுக்க எழுத்துத் தட்டணும்."

"தட்டக் கத்துக்கிட்டாப் போச்சு."

"நீங்க கத்துக்க எவ்வளவு நாளாச்சு பெரியப்பா?" அணில் கேட்டுச்சு.

"ரொம்ப இல்லடா. ஒரு இருபது வருஷம்."

அணில் அதுக்கும் தலையாட்டுச்சு. ஆனா உள்ளுக்குள்ள ஒரே குழப்பம். புரியுறது விழுமாம். விழாதது புரியாதாம். அப்போ புரிஞ்சுக்கிட்டும், விழாமலும் இத்தனை வருஷம் ஓடுச்சே, இந்த மந்தப் பெட்டி, அது என்ன கணக்கு? கேக்கலாம்னு வாயைத் திறந்துச்சு. அதுக்குள்ள நரி வந்துடுச்சு.

"ஏன் சண்டை? பழசை அழிச்சுட்டு ரெண்டையும் போட்டுடுங்க. திறக்கும்போது பெட்டியே 'தோகையா, பாறையா'ன்னு கேக்கும். அவங்கவங்க இஷ்டம்."

"அப்போ சிவப்புப் பட்டை எதுல வரும் மாமா?"

"எதைத் திறந்தியோ அதுல வரும். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

அணில் தலையாட்டுச்சு. பழசை அழிச்சாங்க. ரெண்டையும் போட்டாங்க. கம்ப்யூட்டர் கண்ணைத் திறந்துச்சு.

'தோகையா? பாறையா?'

"தோகையை அமுக்கு," மயில் சொல்லுச்சு.

"அமுக்கினே, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதே," ஆமை சொல்லுச்சு.

அணில் ஒரு கையை நீட்டுச்சு, இழுத்துக்கிச்சு. இன்னொரு கையை நீட்டுச்சு, அதையும் இழுத்துக்கிச்சு. தகரத்து மேல மழை சடசடன்னு விழ ஆரம்பிச்சுது.

கீழேயிருந்து காட்டுப்பன்னி குரல் குடுத்துச்சு. "தம்பி! மலைப்பக்கம் கறுத்துக் கெடக்கு. பட்டை வந்துச்சாப்பா?"

அணில் திரையைப் பார்த்துச்சு. கேள்விதான் இருந்துச்சு. சிவப்பு எங்கயும் இல்ல.

"இன்னும் வரலக்கா!"

"நீ சொன்னாச் சரி," பன்னி போய் குட்டிங்களுக்குப் பால் குடுக்கப் படுத்துக்கிச்சு.

"அழகு முக்கியம்!" "உறுதி முக்கியம்!" பேச்சு ஏறிக்கிட்டே போச்சு. நடுவுல அணிலுக்கு வால் சில்லுன்னு இருந்துச்சு. குனிஞ்சு பார்த்தா, கொட்டகைக்குள்ள சிவப்பா வெள்ளத்தண்ணி.

மயில் ஒரே தாவுல மரக்கிளைக்குப் போயிடுச்சு. ஆமை அப்படியே மிதந்துச்சு. நரி எப்போ போச்சுன்னே தெரியல.

அணில் தண்டவாளத்தைத் தட்டுச்சு. கை வலிக்க வலிக்கத் தட்டுச்சு. கீழே பன்னி கழுத்தளவு தண்ணியில குட்டிங்களை மூக்கால தள்ளிக்கிட்டு ஏறுச்சு. கடைசிக் குட்டி ஒரு மூங்கில் புதர்ல மாட்டிக்கிச்சு. மறுபடி இறங்கி, காதைக் கவ்வி இழுத்துக்கிட்டு வந்துச்சு. குட்டிக்கு மூச்சு இருந்துச்சு. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கொட்டகைக்குள்ள தண்ணி ஏறி அணையுற வரைக்கும் அந்தத் திரை கேட்டுக்கிட்டே இருந்துச்சு: 'தோகையா? பாறையா?'

"அப்பவே தோகையை அமுக்கியிருந்தா..." கிளையிலேர்ந்து மயில் ஆரம்பிச்சுது.

"பாறையா இருந்திருந்தா..." தண்ணியிலேர்ந்து ஆமை ஆரம்பிச்சுது.

பன்னி குட்டியை நக்கிக்கிட்டே சொல்லுச்சு: "உனக்கு ரெக்கை இருக்கு. உனக்கு நீச்சல் இருக்கு. எனக்கு அந்தப் பெட்டிதாம்பா இருந்துச்சு. அதைத் திறந்து அழிச்சீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மயிலும் ஆமையும் அணிலைப் பார்த்தாங்க, நமக்காகத் தலையாட்டும்னு.

அணில் ஆட்டல.

நீதி: எந்தக் கருவி நல்லதுன்னு வாதாடுறவங்களைக் கேக்கறதுக்கு முன்னாடி, அந்தக் கருவியை நம்பித் தூங்குறவங்களைக் கேளு.