சங்கத்துக்கு ஆம்பளைங்க பொங்கின சோறு

புன்னைத்துறைன்னு ஒரு கடற்கரைப் பட்டினம். மாறவேள்னு ஒரு ராசா. நல்ல மனுசன்தான். என்ன, கடைசியா யார் பேசுறாங்களோ அவங்க சொல்றதுதான் அவருக்கு நியாயம்.

அந்த ஊர்ல ஒரு பெரிய புத்த விகாரம் இருந்துச்சு. பௌர்ணமிதோறும் அங்க அறம் சொல்றவங்க உத்தரைங்கிற வயசான பிக்குணி. அந்த அம்மா பேசுனா மீன் விக்கிறவ கூடையை எறக்கி வச்சுட்டுக் கேப்பா. பிக்குங்களுக்கெல்லாம் தலைவரான பெரிய தேரர் பதுமசேனர் பேசுனா ஊரே கண்ணை மூடிக்கும். தியானம்னு அவர் நெனச்சுக்குவார்.

ஒருநாள் தேரர் சபைக்கு வந்தார்.

"ராசா, இனிமே அந்த அம்மா மேடை ஏறக்கூடாது. பொம்பளையாப் பொறக்குறதே போன பிறவிப் பாவம். பாவத்தோட வாயிலருந்து பிக்கு சங்கம் அறம் கேக்கலாமா? சாத்திரம் ஒத்துக்காது."

ராசாவுக்கு வேர்த்துருச்சு. வர்ற பௌர்ணமிக்குத் தீவு நாட்டு ராணி விருந்தாளியா வர்றாங்க. அவங்க நாட்டுல பிக்குணிங்கதான் ஊருக்கே பாடம் சொல்றவங்க. இங்க வாயக் கட்டி வச்சிருக்கோம்னு தெரிஞ்சா மானம் போயிடும். தேரரைப் பகைச்சா புண்ணியம் போயிடும்.

மந்திரி கொற்றனைத் தனியா கூப்பிட்டார்.

"கொற்றா, சாத்திரத்துல ஒரு எழுத்து மாறக்கூடாது. தேரர் மனசு நோகக்கூடாது. அந்த அம்மாவும் பௌர்ணமிக்குப் பேசணும். முடியலன்னா நீ வேற ஊர் பாத்துக்க."

"எந்த ஊர்னு மகாராசாவே சொல்லிட்டா தேவலை," அப்படின்னுட்டு கொற்றன் சபைக்குத் திரும்பினான்.

"சாமி, ஒரு சந்தேகம். பாவப் பிறவிகிட்டருந்து சங்கம் அறத்தை மட்டும்தான் வாங்கக்கூடாதா, எதையுமே வாங்கக்கூடாதா?"

தேரருக்கு உற்சாகம் வந்துருச்சு. "எதையுமே வாங்கக்கூடாது."

"எழுதிக்கலாமா?"

"தாராளமா."

சாயங்காலமே ஊர்ல முரசு அடிச்சாங்க. சங்கத்தோட புனிதத்தைக் காக்க, இனி பிக்குகளுக்குப் போடுற சோத்தை ஆம்பளைங்களே பொங்கணும், ஆம்பளைங்களே போடணும். பொம்பளைங்க விறகுகூட எடுத்துத் தரக்கூடாது. முதல் பிச்சைக் கலத்துக்கு ராசாவே பொங்கணும்.

இங்க ஒண்ணு சொல்லணும். பிக்குகளுக்கு விதி ரொம்பக் கறார். தானா சமைக்கக்கூடாது. இது வேணும்னு கேக்கக்கூடாது. கலத்துல விழுந்ததைக் குறை சொல்லக்கூடாது. உச்சிப் பொழுதுக்கு அப்புறம் ஒரு பருக்கை தொடக்கூடாது. இந்த விதியிலெல்லாம் பதுமசேனர் மயிரிழை பிசகமாட்டார்.

மறுநாள் விடியக்காலை ஊரே புகைஞ்சுது. செக்கடி மாசாத்து அடுப்புக்கு முன்னாடி இருமிக்கிட்டே பொண்டாட்டியைக் கேட்டான்.

"ஏ நாச்சி, உப்பு எவ்வளவு போடணும்?"

"நான் சொல்லமாட்டேன். சொன்னா அது உபதேசமாயிடும்."

"கண்ணையாவது காட்டேன்."

"பாவப்பட்ட கண்ணுங்க. நீங்க பாத்துப் போடுங்க."

அவன் பாத்துத்தான் போட்டான், பயறு வேகலன்னு சுண்ணாம்பும் சேத்து. கணக்கர் ஒருத்தர் அரிசியை எண்ணிப் போட்டு, தண்ணிய மறந்துட்டார். ராசா பொங்கினது மேல கருகி நடுவுல அரிசியா இருந்துச்சு. அடி எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, பானையை விட்டு அது வரவே இல்ல.

பிக்குங்க வரிசையா வந்தாங்க. கலத்தை நீட்டுனாங்க. கடமுடன்னு விழுந்துச்சு. விதிப்படி வாயத் தொறக்கல. விகாரத்துக்குப் போயி மென்னாங்க. உச்சி வரைக்கும் மென்னாங்க.

பக்கத்துலயே பிக்குணிங்க மடம். முரசு அவங்களைப் பத்திப் பேசல. ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரும் அங்க கொண்டுபோயி போட்டாங்க. தாளிச்ச வாசனை சுவரேறி வந்துச்சு. வாசனை புடிக்கக்கூடாதுன்னு விதி இல்ல. அதான் கொடுமை.

இப்படியே சில நாள் போச்சு. சின்ன பிக்கு ஒருத்தர் நடக்கும்போதே சாஞ்சுட்டார். பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில, கலத்தோட பதுமசேனரே அரண்மனைக்கு வந்தார். காவி ரெண்டு சுத்து கூடுதலா சுத்தியிருந்துச்சு.

"ராசா, சாத்திரத்தோட பழைய உரையை மறுபடி படிச்சேன். அறம் யார் சொன்னாலும் அறம்தான்னு அதுல இருக்கு. உத்தரை பேசலாம்."

ராசாவுக்கு உசுரு வந்துச்சு. தேரர் தொண்டையச் செருமினார்.

"ஆனா ஒரு முறை இருக்கு. பிக்குங்க எல்லாரும் பேசி முடிச்ச அப்புறம் கடைசியா அந்த அம்மா பேசட்டும்."

கொற்றன் கையைக் கட்டிக்கிட்டு எந்திரிச்சான்.

"ரொம்ப முறையான பேச்சு சாமி. அப்படியே செஞ்சுடலாம். சோத்துக்கும் அதே முறை. ஆம்பளைங்க பொங்கினது எல்லாம் முதல்ல வரும். அது முடிஞ்சு, பொழுது உச்சியத் தாண்டினதும், பொம்பளைங்க பொங்கினது சூடா வரும்."

தேரர் சன்னல் வழியா சூரியனைப் பாத்தார். கையிலிருந்த கலத்தைப் பாத்தார். உள்ள ராசா கைப்பட வடிச்சது கெட்டியா ஒட்டியிருந்துச்சு.

"முதல்லயே பேசட்டும்," அப்படின்னார்.

பௌர்ணமியன்னிக்கு உத்தரை மேடையேறி அறம் சொன்னாங்க. தீவு ராணி கண் கலங்குனாங்க. பதுமசேனர் முதல் வரிசையில உக்காந்து தலையாட்டினார். அன்னிக்குக் காலையில நாச்சி போட்ட பயத்தங்கஞ்சி அவர் முகத்துலயே தெரிஞ்சுது.

ராசா கொற்றன் காதுக்குள்ள கேட்டார். "அந்த உரையை அவர் இத்தனை வருசமா படிச்சிருக்காரே. இந்த வரி மட்டும் எப்படிடா கண்ணுல படாம போச்சு?"

"அது பொடி எழுத்து மகாராசா. பசிச்ச கண்ணுக்குத்தான் தெரியும்."

ராசா சிரிச்ச சிரிப்புல, வயிறு நெறஞ்சு தூங்கிட்டிருந்த ரெண்டு பிக்குங்க முழிச்சுக்கிட்டாங்க. கழுத்து மாலையைக் கழட்டி கொற்றன் கையில வச்சு, "இது போதுமா, இல்ல என் கையால ஒருநாள் விருந்து வைக்கட்டுமா?"ன்னு கேட்டார்.

"மாலையே போதும் மகாராசா," அப்படின்னுட்டு கொற்றன் வேகமா எடத்தைக் காலி பண்ணுனான்.