கடைசிக் காட்சியில் அவள் அழுதாளா?

"சார், என் வீட்டுக்காரி என்னைப் பக்கத்துல உக்கார விட மாட்டேங்கா."

இப்படிக் குறை சொன்னவர் ஆவுடையப்பன். வயது அறுபத்தேழு. கேட்டுக்கொண்டிருந்தவர் செல்வின். வயது முப்பத்து மூன்று, பிறவியிலேயே பார்வை இல்லை. சீடருக்குக் குருவைப்போல இரண்டு மடங்கு வயது. அதனால் என்ன, ஞானத்துக்குப் பிறந்த தேதி யார் கேட்டது?

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்க ஹாலில் சனிக்கிழமைதோறும் செல்வின் படம் போடுவார். வருகிறவர்கள் எல்லோரும் பார்வை இல்லாதவர்கள். கண் தெரிந்த ஒருவர் முன்னால் உட்கார்ந்து, திரையில் பேச்சு இல்லாத நேரம் பார்த்து, அங்கே நடப்பதைச் சொல்ல வேண்டும். அந்த வித்தையைப் படிக்கத்தான் ஆவுடையப்பன் வந்திருந்தார்.

"ஏன் விட மாட்டேங்காங்க?"

"போன ஐப்பசியில சுகர் அவ கண்ணை வாங்கிட்டு. சாயங்காலம் சீரியல் ஓடும்போது நான்தான் பக்கத்துல இருந்து சொல்லுவேன். முந்தாநாள் சொல்லிட்டா, 'நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு'ன்னு."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. நாற்பது வருஷமாக சினிமாவைப் பற்றி எழுதுகிறவர். மூன்று புத்தகம் போட்டவர். எந்தப் படத்துக்கு எத்தனை மார்க் என்று ஊரே அவரைக் கேட்கும். வீட்டு சோபாவில் மட்டும் அவருக்கு இடமில்லை.

"அந்த சீரியலை எனக்குச் சொல்லுங்க ஐயா."

"அது குப்பை சார்."

செல்வின் விரல் முட்டியால் பெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இடி இடிக்கான். ஒரே முகத்தை மூணு தடவை காட்டுதான். சகிக்கலை."

டக்.

"யாரு முகம்?"

ஆவுடையப்பன் யோசித்தார். மருமகளா, நாத்தனாரா? எட்டு மாதமாக அந்த முகத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். யாருடையது என்று தெரியவில்லை.

"அது பிடிக்காதது, கவனிக்கலை. பிடிச்ச படம் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"கறுப்பு வெள்ளைக் காலத்துப் படம். பதினோரு தடவை பாத்திருக்கேன். அப்படி ஒண்ணு இனிமே எவனும் எடுக்க முடியாது."

டக்.

"கடைசிக் காட்சி ஒரு காவியம்."

டக்.

"புருஷன் விட்டுட்டுப் போயிருதான். அவ அழுதா பாருங்க, கல்லும் கரையும்."

"தண்ணி கண்ணுல நிக்குதா, கன்னத்துல வழியுதா?"

அந்த இடம் வரும்போதெல்லாம் ஆவுடையப்பன் தியேட்டரில் மற்றவர்கள் அழுகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பது வழக்கம்.

"சரி, புதுசா ஏதாவது?"

"மகன் போன்ல ஒரு தொடர் போட்டுத் தந்தான். பொம்பள போலீஸ் கதை, எட்டுப் பகுதி. அஞ்சுக்கு ஒரு மார்க்குன்னு எழுதினேன்."

"முதல் பகுதி எப்படி முடியுது?"

"முடியுற வரைக்கும் நான் இருக்கலை."

இந்தத் தடவை செல்வின் தட்டவில்லை. தட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

சனிக்கிழமை அவரை முன்னால் உட்கார வைத்தார்கள். சொல்லுகிறவர் கண்டதைச் சொல்லாமல் கருத்தைச் சொன்னால் கேட்கிறவர்கள் பெஞ்சைத் தட்டுவது அந்த ஹாலின் வழக்கம். பத்தாவது நிமிஷத்தில் ஹால் முழுக்கத் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி ஆகிவிட்டது. "நல்லா எடுத்திருக்கான்" என்றார், தட்டினார்கள். "தொய்வு" என்றார், தட்டினார்கள். கடைசியில் ஒரு அம்மா எழுந்து, "ஐயா, அவன் கதவைத் திறந்தானா இல்லையா? அதை மட்டும் சொல்லிட்டு நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார்.

அவருக்குக் காது மடல் சுட்டது. யாருக்கும் தன் முகம் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல். அந்த ஆறுதலை நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவி வடிவிடம் சொன்னார். யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பெஞ்சைத் தட்டுதாங்களா?" வடிவு சிரித்தாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் சிரித்து இப்போதுதான் கேட்கிறார். "நல்ல ஏற்பாடா இருக்கே!"

மறுநாள் செல்வினிடம் போனார்.

"சார், எனக்கு இது வராது. நாப்பது வருஷம் கழுதைக்கு முன்னால வண்டியைப் பூட்டியிருக்கேன்."

"அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் உங்க வீட்டம்மா பாத்திருக்காங்களா?"

"கல்யாணமான புதுசுல நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"அவங்களைச் சொல்லச் சொல்லிக் கேளுங்க."

"கண்ணு தெரியாதவளையா?"

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று உறைத்தது. செல்வின் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் வடிவிடம் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை.

"முதல்ல ஒரு கிணறு. அவ தண்ணி எறைக்கா. கயித்துல ஒரு இடத்துல பழைய சேலையைக் கிழிச்சுச் சுத்தியிருக்கும். கையில ஏற்கெனவே காயம் இருக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, அந்தத் துணிதான் சொல்லும். அப்புறம் அவன் வாரான். செருப்பை வாசல்ல விடாம உள்ளேயே கழட்டுதான். அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிட்டு, இவன் நிக்கப்போற ஆளு இல்லைன்னு."

பதினோரு தடவையில் ஒரு தடவைகூட அவர் அந்தச் செருப்பைப் பார்த்ததில்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள். முக்கால் மணி நேரம். படம் அவர் முன்னால் முதல்முறையாக ஓடியது.

"கடைசியில இலை போட்டுச் சோறு வைக்கா. அவன் சாப்பிட்டு எந்திரிக்கான். வெளிய வண்டி நிக்கு." வடிவு நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"அப்புறம் தெரியாது."

"படம் முடியுற வரைக்கும் இருந்தோமே!"

"இருந்தோம். நீங்க என் பக்கம் திரும்பி, இது எப்பேர்ப்பட்ட காட்சின்னு சொல்ல ஆரம்பிச்சிட்டீங்க. கல்யாணமாகி இருபது நாள். புருஷன் பேசும்போது வேற எங்க பாக்க? உங்க மூஞ்சியைப் பாத்துட்டு இருந்தேன். விளக்கைப் போட்டுட்டாங்க."

அதற்குப் பிறகு நாற்பத்தொரு வருஷம் அவளுக்குக் கண் இருந்தது. ஒரு நாள் மறுபடி கூட்டிப்போயிருக்கலாம். முடிவு தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆவுடையப்பன் எழுந்து போய் டிவியில் அந்தப் படத்தைத் தேடிப் போட்டார். கடைசிக் காட்சிக்கு ஓட்டினார். சோபாவுக்குப் போகாமல் தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வண்டி கிளம்பிட்டு," என்றார். "அவ வாசல் வரைக்கும் போறா. நிக்கா. திரும்பி வாரா. அவன் சாப்பிட்ட இலைக்கு முன்னால உக்காருதா."

கண்ணீருக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

"அழுதாளா?"

"இல்லை. சோத்தைப் போட்டுக்கிடுதா. அதே இலையில. சாப்பிடுதா."

"அழவே இல்லையா?"

"இல்லை, வடிவு."

"கண்ணீர்க் கடல்னு உங்க புஸ்தகத்துல எழுதியிருந்தீங்களே. அதைப் படிச்சிட்டு நானும் அவளை நினைச்சு எத்தனையோ நாள் அழுதிருக்கேன்."

அவரால் திரையையும் பார்க்க முடியவில்லை, அவளையும் பார்க்க முடியவில்லை.

"நான் பாக்கவே இல்லை, வடிவு. பாக்காமத்தான் எழுதினேன். என்னை மாதிரி ஒரு மோசமான மனுஷன்..."

வடிவு டீப்பாயைத் தடவி, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

டக்.

பிறகு சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"சோத்துக்கு என்ன விட்டுக்கிடுதா? குழம்பா, மோரா?"

ஆவுடையப்பன் திரையைப் பார்த்தார்.